வித்தியாசமான புதையல் என்றால் என்ன? டி அண்ட் டி புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆடுகிற எந்தக் குழுவிலும் இந்தப் புலம்பல் ஒருநாள் வந்துவிடும்: "கிடைக்கிற புதையல் எல்லாம் சப்பென்று இருக்கிறது, ஏதாவது வித்தியாசமாக வையுங்கள்." ஆட்டத்தை நடத்துபவர் என்ன செய்வார்? வாளுக்கு ஒரு நீலச் சுடர் சேர்ப்பார். பிடியில் டிராகன் பல் பதிப்பார். எந்த அரசன் எந்தப் போரில் அதைத் தொலைத்தான் என்று இரண்டு பக்கம் எழுதிவந்து வாசித்தும் காட்டுவார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ப்ளஸ் எவ்வளவு?" என்பார்கள், அதாவது அடிக்கும்போது பகடை எண்ணோடு எவ்வளவு கூடும் என்று.

அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. அந்த வாளை வைத்து முடிவெடுக்க அவர்களுக்கு வேறெதுவும் கொடுக்கப்படவில்லை. புதையலின் வித்தியாசம் அதன் தோற்றத்திலும் பூர்வ கதையிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதால் வருகிற சிக்கல் இது. பொருள் கைக்கு வந்த பிறகு ஆட்டக்காரர்கள் என்ன செய்யவேண்டி வருகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

இந்த ஆட்டத்தையே அறியாதவர்களுக்கு மட்டும் ஒரு சிறு அறிமுகம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது இது. ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தை விவரிப்பதும், எதிரிகளை இயக்குவதும், புதையலை ஒளித்துவைப்பதும் அவர் வேலை. ஒரு முயற்சி பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி

தாத்தா காலமான பிறகு பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறக்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே ஐம்பதாயிரம் ரூபாய்க் கட்டு இருந்தால், எண்ணிப் பங்கு போட ஐந்து நிமிடம். எல்லாருக்கும் சந்தோஷம், அதோடு சரி.

அதே பெட்டியில் பணத்துக்குப் பதிலாக ஒரு பழைய கிரயப் பத்திரம் இருந்தால்? ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர், தாத்தா பெயரில். இப்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று போட வேண்டும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே யாரோ வாழை வைத்திருக்கிறார்கள், "நாங்கள் முப்பது வருஷமாக இருக்கிறோம்" என்கிறார்கள். பத்து வருஷமாகப் பேசாத பெரியப்பா மகன் மறுநாள் காலையிலேயே போன் செய்து நலம் விசாரிக்கிறார். விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, வழக்குப் போடலாமா என்று வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும்.

பணத்தைவிடப் பத்திரத்தின் மதிப்பு கூட இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் பணமாக்குவதற்குள் நாலு இடத்துக்குப் போகவும் நாலு பேரோடு மோதவும் வேண்டியிருக்கிறது. சாகச ஆட்டம் என்பதே நாலு இடத்துக்குப் போய் நாலு பேரோடு மோதுவதுதானே.

சுருக்கமாக: சாதாரணப் புதையலை எண்ணிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வித்தியாசமான புதையலைப் பயன்படுத்த ஏதாவது செய்தாக வேண்டும்.

தங்கம் எப்படி வேலையில்லாமல் போனது

தங்கக் காசு எப்போதுமே சலிப்பாக இருந்ததில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது தங்கத்துக்குத் திட்டவட்டமான ஒரு வேலை இருந்தது. பாத்திரங்கள் சேர்க்கும் அனுபவப் புள்ளிக்கு எக்ஸ்பி என்று பெயர். போதிய எக்ஸ்பி சேர்ந்தால் பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரும். அன்றைய விதிப்படி, பாதாளத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசும் ஒரு எக்ஸ்பி. அடுத்த ஆண்டே வந்த முதல் துணை நூலில், அரக்கர்களைக் கொல்வதற்கான புள்ளிகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தூங்குகிற டிராகனை எழுப்பிச் சண்டை போடுவது முட்டாள்தனம். அது எழுவதற்குள் காசை அள்ளிக்கொண்டு வருவதுதான் கெட்டிக்காரத்தனம். அதிலும் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை என்று வேறு வைத்திருந்தார்கள். ஆயிரம் காசு என்றால் நூறு பவுண்டு, ஏறக்குறைய 45 கிலோ. யார் தூக்குவது, எதை விட்டுவிட்டு வருவது, கழுதை கூட்டிவந்தோமா என்றெல்லாம் மேசையில் விவாதம் நடக்கும். அந்தக் காலத்தில் வெறும் காசே வித்தியாசமான புதையலாக இருந்தது.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, காசுக்கு எக்ஸ்பி என்பதை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரிகளையும் தடைகளையும் வெல்வதற்குத்தான் புள்ளி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அதே வழிதான். போதாக்குறைக்கு ஒரு பவுண்டுக்கு ஐம்பது காசு என்று எடையும் குறைந்துவிட்டது. காசு பெட்டிக்குள்ளேயே இருந்தது, அதன் வேலை மட்டும் போய்விட்டது.

வாங்குவதற்காவது ஏதாவது இருக்கிறதா? ஐந்தாம் பதிப்பின் சாதாரணக் கவசங்களிலேயே விலை கூடியது முழு உலோகக் கவசம், 1,500 பொற்காசு. சுமாரான சத்திரத்தில் ஓர் இரவு தங்க ஐந்து வெள்ளிக் காசு. கவசத்தை வாங்கி முடித்த வீரனின் கையில் அப்புறம் சேரும் ஆயிரங்கள் எல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கிற எண்தான். "பெட்டியில் 800 பொற்காசு" என்று டிஎம் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

ப்ளஸ் ஒன் வாளின் கணக்கு

காசு போனால் போகட்டும், மந்திர வாள் இருக்கிறதே என்பார்கள். ப்ளஸ் ஒன் வாள் என்றால், அடிக்கும்போது பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். பட்டால் அடியின் வலுவும் ஒன்று கூடும். இருபது முகத்தில் ஒவ்வொரு முகமும் ஐந்து சதவீதம். ஆகவே சராசரியாக இருபது வீச்சில் ஒரே ஒரு வீச்சில்தான், தவறியிருக்க வேண்டிய அடி இந்த வாளால் பட்டிருக்கும். உபயோகமான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாள் வருவதற்கு முன்னும் வெட்டினீர்கள், வந்த பின்னும் அதேபோலத்தான் வெட்டுகிறீர்கள்.

இதற்கு நேரெதிராக, விதிநூலிலேயே இருக்கிற இம்மூவபிள் ராட் என்ற பொருளைப் பாருங்கள். தட்டையான ஓர் இரும்புக் கம்பி, ஒரு முனையில் பொத்தான். அழுத்தினால் கம்பி அந்த இடத்திலேயே, வெறும் காற்றில்கூட, அசையாமல் நின்றுவிடும். 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ வரை தாங்கும். திரும்ப அழுத்தினால் விடுபடும். அவ்வளவுதான். பகடையில் கூட்டிக்கொள்ள எந்த எண்ணும் கிடையாது.

இதைக் கொடுத்தால் மேசையில் என்ன நடக்கும் தெரியுமா? துரத்தி வருபவர்களிடமிருந்து தப்பி ஓர் அறைக்குள் நுழைகிறார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் கம்பியைக் கதவை ஒட்டிப் பிடித்துப் பொத்தானை அழுத்துகிறார். வெளியே பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு நகராது. அடுத்த வாரம் பள்ளத்தாக்கில் இறங்க அதையே நடுவானில் நிறுத்திக் கயிறு கட்டுகிறார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரை ராட்சத மீன் விழுங்கிவிடுகிறது. "வயிற்றுக்குள் பொத்தானை அழுத்துகிறேன், மீன் நீந்திக்கொண்டே இருக்கட்டும்" என்கிறார் அவர். டிஎம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பிக்கிறார்.

ஆல்கெமி ஜக் என்று இன்னொன்று உண்டு. நாளுக்கு ஒரு திரவம் வீதம், நன்னீர், தேன், காடி, எண்ணெய் எனச் சிலவற்றை ஊற்றித் தரும் ஜாடி. அந்தப் பட்டியலில் இரண்டு கேலன் மயோனைஸும் இருக்கிறது. எந்த மகானுபாவர் இதை விதிநூலில் சேர்த்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஏழரை லிட்டர் மயோனைஸைப் படிக்கட்டில் கொட்டி, மேலேறி வரும் காவலர்களை வழுக்கி விழவைக்க எந்த ஆட்டக்காரருக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சுருக்கமாக: எண்ணைக் கூட்டும் பொருள், ஏற்கெனவே செய்வதைக் கொஞ்சம் நன்றாகச் செய்யவைக்கிறது. இந்த மாதிரிக் கருவிப் பொருள் இதுவரை செய்யாததை யோசிக்கவைக்கிறது. கருவிக்கு விளக்கம் இரண்டு மூன்று வரிக்குள் அடங்கிவிடுவது நல்லது. என்ன செய்யும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அதை வைத்துத் திட்டம் போட முடியும்.

ஒரு மூட்டை மிளகு

மந்திரமே இல்லாத புதையலுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த வகை இது. நிறையப் பேர் கண்டுகொள்ளாத வகையும்கூட.

ஐந்தாம் பதிப்பின் விதிநூலில் வணிகச் சரக்குகளுக்குச் சின்ன விலைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு பவுண்டு மிளகு இரண்டு பொற்காசு, அதாவது ஒரு செம்மறியாட்டின் விலை. ஒரு பவுண்டு குங்குமப்பூ பதினைந்து பொற்காசு. ஒரு சதுர கஜம் பட்டு பத்து. நிஜ வரலாற்றிலும் மிளகு கஜானாச் சரக்குதான். கி.பி. 408-இல் விசிகோத் மன்னன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். விலகிப்போக அவன் வாங்கிய விலையில் 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகளோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அதற்கும் முன்னால், யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. ரோமுக்கு மிளகு போன துறைமுகங்களில் பேர்பெற்றது அது.

இப்போது கோப்ளின் என்கிற குட்டி அரக்கர்களின் குகை ஒன்றில் 800 பொற்காசு வைக்கப்போகிறீர்கள் என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டு, நூறு பவுண்டு மிளகு மூட்டைகள் நான்கை வையுங்கள். மதிப்பு அதே 800. காசாக இருந்திருந்தால் மொத்த எடை 16 பவுண்டு, ஒரு தோள்பையில் போய்விடும். மிளகு 400 பவுண்டு. நடுத்தர வலு, அதாவது வலு எண் 10 உள்ள பாத்திரம் மொத்தமே 150 பவுண்டுதான் சுமக்க முடியும். ஒரு மூட்டையைத் தூக்கினால் சுமக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

வரும் வழியில் இடுப்பளவு ஓடை ஒன்றைக் கடந்து வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நனைந்த மிளகை எந்த வியாபாரி வாங்குவான்? தெப்பம் கட்டலாமா? இரண்டு மூட்டையை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நாளை வரலாமா? நாளை வரைக்கும் அது அங்கேயே இருக்குமா? சாக்கில் ஏதோ வணிகக் குழுவின் முத்திரை வேறு குத்தியிருக்கிறது. கோப்ளின்கள் யாரிடமோ கொள்ளையடித்த சரக்கு. ஊருக்குள் கொண்டுபோனால் முதல் கடைக்காரரே சாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைத்தது தம்பி?" என்பார். உரியவரிடம் ஒப்படைத்துச் சன்மானம் வாங்குவதா, சாக்கை மாற்றிவிட்டு விற்பதா என்று குழுவே இரண்டாகும். டிஎம் செய்ததெல்லாம் "பொற்காசு" என்று எழுதியிருந்ததை "மிளகு" என்று அடித்துத் திருத்தியது மட்டும்தான்.

பைக்குள் போகாதவை

இந்தச் சுமைப் பிரச்சினையை ஒரே நொடியில் தீர்த்துவிடும் மந்திரப் பொருள் ஒன்று உண்டு: பேக் ஆஃப் ஹோல்டிங். வெளியே சாதாரணப் பை, உள்ளே 500 பவுண்டு வரை பிடிக்கும். எவ்வளவு போட்டாலும் பையின் எடை கூடாது. புது டிஎம்கள் இரக்கப்பட்டு இதை முதல் மாதமே கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த அன்றோடு மிளகு மூட்டையும் காசு மாதிரி ஆகிவிடுகிறது. நான் கொஞ்ச நாள் இழுத்தடிப்பேன்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. பையின் வாய் இரண்டடி அகலம்தான். மூன்றடி அகல வெண்கல மணி அதற்குள் நுழையாது. கல் சிலையும் நுழையாது. உயிருள்ள பந்தயக் குதிரையை மட்டும் புதையலாக வைக்காதீர்கள், அதை யாராவது பைக்குள் திணிக்கத்தான் பார்ப்பார்கள்.

நகர்த்தவே முடியாத செல்வத்துக்கும் நிஜ உதாரணம் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் உள்ள யாப் தீவில், நடுவில் துளையிட்ட பெரிய கல்வட்டங்களைச் செல்வமாக வைத்திருந்தார்கள். பலாவு தீவுகளில் வெட்டிப் படகில் கொண்டுவந்தவை. பெரியவை ஆளுயரத்தைத் தாண்டும். கைமாறும்போது கல்லை யாரும் நகர்த்துவதில்லை. இனி இது இன்னாருடையது என்று ஊர் ஒப்புக்கொண்டால் போதும். கடலில் மூழ்கிப்போன ஒரு கல்லைக்கூட அந்தக் குடும்பத்தின் சொத்தாகவே ஊர் மதித்தது என்பது பதிவாகியிருக்கிறது. இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம். அரக்கனிடமிருந்து மீட்ட கல் இனி உங்களுடையதுதான், ஆனால் ஊர்க்கூட்டத்தில் அதை ஏற்கவைக்க வேண்டும். அதுவரை அது வெறும் கல்.

சுருக்கமாக: எடை, அளவு, ஊரார் சம்மதம், இப்படி ஏதாவது ஒன்று குறுக்கே நின்றால் போதும். மந்திரம் இல்லாமலே புதையல் சுவாரசியமாகிவிடும்.

காகிதமும் புதையல்தான்

டிரங்குப் பெட்டியில் பார்த்த பத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் வெளிவந்த அதிகாரபூர்வ டி அண்ட் டி சாகசம் ஒன்றில், ஆளைக் கடத்தலிலிருந்து மீட்டுக்கொண்டு வரச் சொன்னவரிடம் பேசிய கூலியைக் கொடுக்கக் காசில்லை. பதிலுக்கு, மூடிக்கிடக்கும் ஒரு மதுவிடுதியின் பத்திரத்தை நீட்டுகிறார். போய்ப் பார்த்தால் கட்டடம் பாழ், உள்ளே ஓர் ஆவி. கடை திறக்கலாம் என்றால் ஒவ்வொரு தொழிற்குழுவும் உரிமக் கட்டணம் கேட்டு வருகிறது. பக்கத்துக் கடைக்காரனுக்கு வயிற்றெரிச்சல். நம்மூர்ச் சொத்துச் சிக்கலை அறிந்த எவருக்கும் இந்தப் பகுதியை ஆட யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடன் பத்திரம், ஒரு பிரபு எழுதிய காதல் கடிதம், சுங்கவரி விலக்குச் சீட்டு எல்லாமே இந்த வகைதான். எடையே இல்லை, ஆனால் யாரிடம் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறும்.

விபரீதமான சீட்டுக்கட்டு

வித்தியாசம் என்றதும் சிலர் நேராக டெக் ஆஃப் மெனி திங்ஸுக்குப் போய்விடுவார்கள். 1975-இலிருந்து ஆட்டத்தில் இருக்கும் மந்திரச் சீட்டுக்கட்டு இது. எத்தனை சீட்டு எடுக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஒரு சீட்டு வரம் தரும். இன்னொன்று உங்கள் மந்திரப் பொருள்களையெல்லாம் பொடியாக்கும். வேறொன்று ஆன்மாவைப் பிடுங்கி எங்கோ அடைத்துவைக்கும்.

பேர்போன பொருள்தான், எடுக்கும் நிமிடம் மேசையே அமைதியாகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் புதுக் குழுவுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இதில் ஆட்டக்காரர் எடுக்கும் முடிவு, எடுக்கலாமா வேண்டாமா என்ற ஒன்றே ஒன்றுதான். மீதியெல்லாம் சீட்டின் கையில். மூன்று மாதம் வளர்த்த பாத்திரம் ஒரே சீட்டில் காணாமல்போனால் சிரித்துக்கொண்டே புதுப் பாத்திரம் எழுதுகிற பக்குவம் எல்லாருக்கும் வராது.

எங்கிருந்து தொடங்குவது

எல்லாப் பெட்டியிலும் விசித்திரத்தை நிரப்ப வேண்டாம். பத்துப் பொருளுக்கும் பத்து யோசனை தேவைப்பட்டால் ஆட்டக்காரர்கள் களைத்துப்போவார்கள், காசுக்கே ஏங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு குகைக்கு ஒன்று போதும்.

விதிநூலில் நூறு சில்லறைப் பொருள்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் முதலாவது, பதப்படுத்திய கோப்ளின் கை. விலையும் இல்லை, சக்தியும் இல்லை. ஆனால் அந்தக் கையில் மோதிரம் கழற்றிய தழும்பு இருக்கிறது என்று டிஎம் ஒரு வரி சேர்த்தால், மோதிரம் எங்கே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதிலே இல்லாத மர்மங்களைத் தூவிக்கொண்டே போனால் நாலாவது மர்மத்தை யாரும் தொடமாட்டார்கள்.

கடைசியாக எல்லா டிஎம்மும் கேட்பது: பார்த்துப் பார்த்து வைத்த பொருளை அடுத்த ஊரிலேயே விற்றுவிட்டால்? விற்கட்டும், தடுக்காதீர்கள். வாங்கியவர் யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இம்மூவபிள் ராடை வாங்கியது ஒரு திருட்டுக் கூட்டத் தலைவி என்றால், இரண்டு மாதம் கழித்துக் குழு அவளைத் துரத்திப் போகும்போது, தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு திறக்காது. அதனால் விற்கும்போது பேரம் பேசாமல் நல்ல விலையாகவே கொடுத்துவிடுங்கள்.